சிவப்பு நூல் கட்டிய குப்பி

அம்மிணி எனக்குச் சித்தி மகள். சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை அல்ல, அம்மாவின் பெரியப்பா மகள். எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் பிரித்துப் பேசுவதில்லை. சித்திக்கு நான்கு பெண்கள், கடைசியில் ஒரு பையன். மூத்தவளை நிறத்துக்காகக் கேட்டு வந்தார்கள், இரண்டாமவளைப் பாட்டுக்காக, நாலாமவளைப் படிப்புக்காக. மூன்றாவது அம்மிணி. அவளுக்குச் சொல்ல இருந்தது மூக்கு ஒன்றுதான்.

மூக்கு அழகு என்று நினைத்துவிடக் கூடாது, அது கொஞ்சம் சப்பை. மணம் பிடிக்கிற மூக்கு. ஒருமுறை சபையின் கன்வென்ஷன் பந்தலில் கூட்டம் கலைந்த பிறகு ஒரு துண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது எட்வின் மாமாக்க துண்டாக்கும். மூக்குப்பொடி மணக்குது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பொடி போடுவதை விட்டுவிட்டேன் என்று மாமா மாமியிடம் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாமாவுக்கு வீட்டில் சோறு கிடைக்கவில்லை. அதன்பிறகு ஆண்கள் அம்மிணியின் பக்கத்தில் உட்காரவே யோசிப்பார்கள்.

அவளை வெள்ளறடைக்குப் பக்கத்தில் ஞானசிகாமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெயர்தான் திருவனந்தபுரம் ஜில்லா, வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் தமிழ்நாடு. ஞானசிகாமணிக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு, தானே வெட்டுவார், தானே ஷீட் அடிப்பார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச ஒரு தம்பி இருந்தான், தாசையன். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவன் வண்டியில் ஏறினால் டிக்கெட்டுக்கு மேல் ஒரு கதையும் கிடைக்கும் என்பார்கள்.

அம்மிணி ஒயின் போட ஆரம்பித்தது மகன் பிரபின் பிறந்த பிறகு. கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் ஒயினும் இல்லாத வீடு எங்களில் ஏது? திராட்சையை அலசிப் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் இட்டு, சீனியும் கோதுமையும் பட்டையும் கிராம்பும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, தினமும் மர அகப்பையால் கிண்டி இளக்கிவிட்டு, பிறகு வடித்துக் குப்பியில் அடைப்பார்கள். எல்லாரும் செய்வதுதான். ஆனால் அம்மிணியின் ஒயின் வேறு. இன்றைக்கு இளக்க வேண்டாம், இன்றைக்கு வடிக்க வேண்டும் என்று பரணிக்கு மேல் குனிந்து மூக்கால் முடிவு செய்வாள். ஞானசிகாமணி பரணியை முன்னறைக் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பார். அந்த அறையில் பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்.

அந்த ஊரில் ஒயின் போடுகிற ஏழெட்டு வீட்டார் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். குப்பிக் கூட்டம் என்று பெயர். பெரும்பாலும் ஒரே சபைக்காரர்கள், அடுத்த வீட்டுப் பூமாரி மட்டும் இந்து. அவளுடைய கைதச்சக்கை ஒயினுக்காகவே, அதாவது அன்னாசி ஒயினுக்காகவே, அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பாடும் ஆனபிறகு, யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தன் குப்பிக்குப் பழைய காலுறை ஒன்றை மாட்டி, உள்ளறையில் தனியாகப் போய்த் தனக்குப் பிடித்த நிறத்தில் கழுத்தில் நூல் கட்டிவிட்டு வரவேண்டும். எந்த நூல் யாருடையது என்று மற்றவருக்குத் தெரியாது. குப்பி ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். உண்டாக்கியவரும் தன்னுடையதை முன்பின் தெரியாதவர்போலக் குடித்துப் பார்க்க வேண்டும். நல்லாயிருக்கிறது, மோசம் என்று யாரும் சொல்லக் கூடாது. குடித்ததும் மனதில் என்ன வந்ததோ அதைச் சொல்ல வேண்டும், உள்ளதை உள்ளபடி. வட்டம் முடிகிறவரை எது தன்னுடையது என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் யாருடைய குப்பி என்று எல்லாருமாகக் கண்டுபிடிப்பார்கள்.

தாசையன் சொல்வதைக் கேட்கவே சிலர் வருவார்கள். பூமாரியின் குப்பிக்கு ஒருமுறை, "மாமியாரு ஊருக்குப் போன அன்னைக்கு மருமவ தலைக்குக் குளிச்ச மாதிரி இருக்கு" என்றான். இன்னொருவருடையதுக்கு, "இது கடைசி பஸ்ஸ விட்டவன்டெ வாய்" என்றான். அவர் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அதுதான் அந்தக் கூட்டத்தின் அழகு. கோபப்படலாம், ஆனால் சொன்னது பொய் என்று யாரும் நினைக்க முடியாது.

கொரோனா வந்தபோது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மிணி திரும்பி வந்தாள், ஞானசிகாமணி வரவில்லை. முகம்கூடக் காட்டாமல் அடக்கினார்கள். அம்மிணி வீடு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மணம் தெரியாமல் போயிருந்தது. எல்லாருக்கும் போய்த் திரும்ப வந்தது, அவளுக்குத் திரும்பவில்லை. நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் உப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாளாம், வெறும் துணி.

அதை அவள் மகனிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. தாசையன் ஒருவனிடம்தான் சொன்னாள்.

"ஊரில எனக்கு இருந்தது இது ஒண்ணுதான் தாசையா. இது போச்சுன்னு தெரிஞ்சா பாவம் பாவம்னு வந்து நிப்பினும். ஆருட்டயும் சொல்லாத. நீ குடிச்சுப் பாத்து உள்ளதச் சொல்லு. உனக்க மூக்க வெச்சு நான் போட்டுக்கிடுவேன்."

"மைனி, நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றானாம் அவன்.

பிரபினுக்கு டெக்னோபார்க்கில் வேலை கிடைத்திருந்த நேரம். முன்னறையை அவனுக்கென்று ஓடு பாவி, குளியலறை சேர்த்துக் கட்டினார்கள். பரணிகள் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போயின. அங்கேதான் ரப்பர் ஷீட் தொங்கும். ஒரு மூலையில் ஒட்டுப்பால் குவிந்து கிடக்கும். சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்ந்த பாலைப் பிய்த்து, விலை வருகிறவரை சேர்த்து வைப்பார்கள். அந்த நாற்றத்தை அறியாதவர்களுக்கு எப்படிச் சொல்ல? மழையில் நனைந்த செருப்பையும் செத்த எலியையும் ஒரே பையில் கட்டிவைத்தாற்போல இருக்கும். மூக்குள்ள அம்மிணி என்றால் அந்தப் பக்கம் ஒரு வெற்றிலைகூட வைத்திருக்க மாட்டாள்.

அந்த வருஷம் முதல் மூன்று வருஷம், கூட்டத்தில் அவளுடைய குப்பியைத்தான் எல்லாரும் முதல் வாயிலேயே கண்டுபிடித்தார்கள். "இது அம்மிணி அக்காக்க கை, சந்தேகமே வேண்டாம்" என்பார்கள். அவளுக்கு அதில் உள்ளுக்குள் எவ்வளவு பெருமை! சிபி என்று ஒருவன், கூட்டுறவு வங்கியில் வேலை, வாட்ஸ்அப்பில் அவர்களுக்கென்று ஒரு குரூப் தொடங்கியிருந்தான். வீட்டுக்குக் கொண்டுபோன குப்பியைத் திறந்ததும் எப்படி இருந்தது என்று அதில் பேசி அனுப்ப வேண்டும். அம்மிணியின் குப்பிக்கு வருகிற பேச்சுத்தான் நீளம். "ஏலக்காத் தோட்டத்தில மழ விட்ட மாதிரி", "கல்யாண வீட்டுல பொட்டி திறந்து பட்டுச்சேல எடுத்த மாதிரி." தாசையனுடையது எல்லாவற்றுக்கும் மேலே. அவள் அதைப் பகலில் கறிக்கு அரிந்துகொண்டே போட்டுக் கேட்பாள். மணம் போனவளுக்கு அது காது வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பிரபினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஷெமி, நெய்யாற்றின்கரையில் ஒரு ஆசுபத்திரியில் நர்ஸ். எங்கள் கல்யாணங்களில் கேக் வெட்டியதும் எல்லார் கையிலும் ஒயின் கிளாஸ் கொடுத்து, மாப்பிள்ளையின் தகப்பன் வாழ்த்துச் சொல்லி உயர்த்துவார். தகப்பன் இடத்தில் தாசையன் நிற்பான் என்று முடிவாகியிருந்தது. கிளாஸில் ஊற்றுவது தன்னுடைய ஒயினாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மிணி அடம்பிடித்தாள்.

"அக்கா, பிரபினுக்க அப்பா இல்ல. அவரு சார்புல அந்தச் சபையில ஒண்ணாவது இருக்கட்டும். அவரு பழம் வாங்கித் தந்து நான் போட்டதில்லியா எல்லாம்?" என்றாள் என்னிடம். நான் கரமனையிலிருந்து முன்னதாகவே வந்து தங்கியிருந்தேன். எனக்குச் சர்க்கரை, ஒயின் பக்கம் போவதில்லை. ஷெட்டுக்குப் போகவும் என் முழங்கால் விடாது. அதனால் சரி சரி என்று தலையாட்டினேன்.

பரணி பல இருந்தன. எதை வைக்கலாம் என்று தாசையன்தான் பார்த்துச் சொன்னான். "ரெண்டாவது பரணி மைனி. கண்ண மூடிக்கிட்டு வையுங்க." அவளும் அப்படியே குப்பிகளை நிரப்பி அடைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு கூட்டம் அம்மிணி வீட்டில். பிரபின் ஷெமியையும் கூட்டிவந்திருந்தான். நிச்சயம் கழிந்த பெண் இப்படி வரலாமா என்று நான் கொஞ்சம் முனகினேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஷெமி சிரித்த முகம். வந்ததும் அம்மிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் முறைகளையெல்லாம் சிபியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அப்போ உள்ளது உள்ளபோல சொல்லணும், அல்லே? நல்ல ரசமுண்டு!" என்றாள்.

பச்சை நூல் குப்பி சுற்றியது, சிரித்தார்கள். மஞ்சள் நூல் சுற்றியது. பிறகு சிவப்பு நூல். அது அம்மிணியுடையது, அந்த இரண்டாவது பரணி. அவள் காலையில் நூல் கட்டும்போது நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிபி குடித்தான். "தோட்டத்துக்கு நடுவுல ஒரு பழைய பங்களா. சன்னல் எல்லாம் திறந்து கிடக்கு" என்றான். பூமாரி, "கோயில் கொடியேத்துக்கு மொதல் நாளு, பந்தக்காலுக்குக் கொண்டுவந்த பச்ச மூங்கில்" என்றாள். தாசையன் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, "ஒண்ணும் சொல்ல முடியல்லே. ஒரு ஆளு முப்பது வருஷம் கழிஞ்சு சொந்த வீட்டுக் கதவத் தட்டுகா. உள்ள இருந்து ஆரோ 'ஆரது'ன்னு கேக்குகா. அதாக்கும்" என்றான்.

அம்மிணியின் முகத்தை நான் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

கிளாஸ் ஷெமியிடம் போனது. அவள் வாயருகே கொண்டுபோகும்போதே தலையைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி முகர்ந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, விளையாட்டில் சரியான விடை கிடைத்த பிள்ளைபோல உரக்கச் சொன்னாள்:

"அய்யோ, இது ஒட்டுப்பால்! எங்க அம்மாச்சன்டெ ரப்பர் புகைப்புரையில அப்படியே இதே மணம்!"

சிபி இருமினான். பூமாரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பிரபின் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான். அவன் வாரத்தில் ஆறு நாள் நகரத்தில் இருப்பவன், அம்மா கொடுக்கிற குப்பியை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுகிறவன். அவனுக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்தது அம்மிணியின் முறை. வட்டம் முடியவில்லை, வாய் திறக்க முடியாது. கிளாஸை வாங்கினாள், குடித்தாள். "இனிப்பு சரியாட்டு இருக்கு" என்றாள். அவளால் சொல்லக்கூடியது அதுதான். மீதமிருந்த குப்பிகளும் சுற்றி முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது பேசிய எவர் குரலிலும் உயிரில்லை.

கண்டுபிடிக்கிற நேரம் வந்தது. "சிவப்பு நூல் ஆருடையது?" என்று அம்மிணியே கேட்டாள்.

சிபி பச்சை நூல் குப்பியின் காலுறையைக் கழற்றத் தொடங்கினான்.

"மூணு வருஷமா மொதல்ல சொல்லுவியளே. இப்ப சொல்லுங்க. எதை வெச்சுக் கண்டுபிடிப்பிய?"

"அக்கா..." என்றாள் பூமாரி.

"ஷெமி, இங்க வா பிள்ளே." பெண்ணின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். ஷெட் வாசலில் ஷெமி மூக்கைப் பொத்திக்கொண்டதும், பரணிகளையும் மூலையில் கிடந்த குவியலையும் மாறிமாறிப் பார்த்ததும், பிறகு அழ ஆரம்பித்ததும் அங்கிருந்தே தெரிந்தது.

திரும்பி வந்தபோது அம்மிணியின் குரல் உயரவில்லை. "எனக்கு மணம் தெரியாதுன்னு உங்கள்ல ஆருக்கெல்லாம் தெரியும்?"

சிபி கைபேசியைப் பார்த்தான். பூமாரிதான் பேசினாள். "தப்பா நினைக்கண்டாம் அக்கா. அண்ணன் மரிச்ச வருஷமாக்கும். தாசையன் அண்ணன் எங்க எல்லாரையும் விளிச்சுச் சொல்லிச்சு, மைனிக்கு மூக்கு போச்சு, இந்த ஒரு வருஷம் கண்டும் காணாம இருங்கன்னு."

"ஒரு வருஷம்."

"ஓ."

"பொறவு?"

"பொறவு எப்பிடி நிப்பாட்டன்னு தெரியல்லே அக்கா."

"நான் தந்துவிட்ட குப்பியெல்லாம் என்ன செய்தே?"

பூமாரிக்குப் பொய் வராது. "வாழ மூட்டுல ஊத்தினேன். நல்லாட்டுக் கொல வந்துது." சற்று நிறுத்தி, "உங்களுக்கும் ஒரு சீப்பு தந்தேனே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் அது பாவம். அம்மிணி தாசையன் பக்கம் திரும்பினாள். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"மைனி, அண்ணன அடக்கி மாசம் ரெண்டு ஆகல்லே. நீங்க அகப்பையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிய. எப்படி இருக்கு தாசையான்னு கேக்கிய. நான் என்ன சொல்ல?"

"ஒட்டுப்பால் நாறுதுன்னு சொல்லணும்."

"சொன்னா உங்க மொகம்..."

"எனக்க மொகத்த விடு. பரணிய மாத்தி வெச்சிருப்பேன். அம்புடுதானே வேல? அந்தப் பரணிய ஷெட்டுக்குத் தூக்கும்போ ஒரு காத நான் பிடிச்சேன், மறு காத ஆரு பிடிச்சா?"

"நான்தான்."

"அதே மாதிரி ரெண்டு பேரும் திரும்பத் தூக்கிக்கொண்டு வெச்சிருந்தா தீந்துது. ஒரு வார்த்தை. மூணு வருஷத்துல உங்களுக்கெல்லாம் எத்தன கத வந்துது, பங்களா, பட்டுச்சேல, கதவு தட்டுனது! அந்த ஒரு வார்த்தை வரல்லே."

"ஸ்நேகத்துல சொன்னதாக்கும் மைனி."

"உனக்கிட்ட ஒரு ரகசியம் சொன்னேன். அத ஊருக்குச் சொன்னே. உள்ளதச் சொல்லுன்னு கேட்டேன், அத எனக்கு மட்டும் சொல்லல்லே." கிளாஸ் அல்ல, காப்பி டம்ளர் ஒன்றை எடுத்து, சிவப்பு நூல் குப்பியிலிருந்து விளிம்புவரை ஊற்றி அவன் முன்னால் நீட்டினாள். "எனக்க மகனுக்க கல்யாணத்துக்கு இதுதான் நல்லதுன்னு எடுத்துத் தந்தியே. குடி."

"வேண்டாம் சித்தப்பா" என்று பிரபின் நடுவில் வந்தான். அவள் அவனைக் கையால் ஒதுக்கினாள்.

தாசையன் டம்ளரை வாங்கிக் குடித்தான். நிதானமாக, கடைசிவரை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. அவ்வளவு பழகியிருந்தான். அதைப் பார்த்தபோதுதான் அம்மிணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஷெமி காலடியில் வந்து விழாத குறை. "மாமி, நான் அறியாம சொல்லிட்டேன், மன்னிக்கணும்."

"நீ எதுக்கு அழுற மோளே? இத்தன பேர்ல நீ ஒருத்திதான் குடிச்சிருக்கே."

புதிதாகப் போட நாள் இல்லை. நிரப்பி அடைத்த குப்பிகளை அம்மிணி ஒவ்வொன்றாகத் திறந்து தானே சரிவில் கொட்டினாள். யாரையும் கூட வர விடவில்லை. கல்யாணத்துக்கு ஒயின் பெண் வீட்டிலிருந்து வந்தது. ஞானசிகாமணி சார்பாகச் சபையில் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட ஒன்று இல்லாமலே போனது. அதற்குப் பதிலாகத் தாசையன்தான் இருந்தான், அண்ணனின் இடத்தில், புதுவேட்டி கட்டி. அவனை நிற்கவைக்காமலும் முடியாது, வேறு ஆள் இல்லை.

கிளாஸை உயர்த்தி நன்றாகத்தான் பேசினான். மண்டபம் முழுக்கச் சிரித்தது, பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னபோது அழுதது. பேசி முடித்து ஒரு மிடறு குடித்தவன், பழக்கத்தில் அம்மிணி பக்கம் குனிந்து, "நல்ல சாம்பங்காய் மணம் மைனி. மழைக்காலத்துல நம்ம பள்ளிமுற்றம் மாதிரி" என்றான். உண்மையாகவே சொல்லியிருப்பான். பெண் வீட்டு ஒயின்தானே, பொய் சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது?

அம்மிணி அவன் பக்கம் திரும்பவில்லை. மறுபக்கம் நின்ற ஷெமியின் மாமனிடம், அன்றுதான் முதல்முறை பார்க்கிற மனிதரிடம், "இது என்ன பழத்துல போட்டது? மணம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் பாவம், திகைத்துப்போய், "சாம்பங்காயா இருக்கும்... தெரியல்லே, எனக்கு ஜலதோஷம்" என்றார். "அப்படி உள்ளதச் சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் அம்மிணி.

இப்போது பரணிகள் ஷெட்டில் இல்லை, கழுவி வெயிலில் காயவைத்து முன்னறைக்கே கொண்டுவந்தாகிவிட்டது. பிரபின் தானாக இடம் ஒதுக்கிக் கொடுத்தான். ஷெமி ஊரில் இருக்கிற நாட்களில் முகர்ந்து சொல்வாள். பல நேரம் அவள் சொல்வது அம்மிணிக்குப் பிடிப்பதில்லை, முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்கிறாள். குப்பிக் கூட்டம் நடக்கிறது, அம்மிணி போவதில்லை. பூமாரியோடு பேச்சு உண்டு, வாழைப்பழம் வாங்குவதில்லை.

தாசையன் காலையில் வராமல் இருப்பதில்லை. ரப்பர் வெட்ட ஆள் பிடிக்கிறான், கரண்ட் பில் கட்டுகிறான். அவள் காப்பி கொடுக்கிறாள், பலகாரம் கொடுக்கிறாள், சண்டை ஒன்றும் இல்லை. போன மாதம் நான் போயிருந்தபோது அவன் அடுக்களை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் போய் ஃபிரிட்ஜில் இருந்த பால் கெட்டிருக்குமோ என்று அம்மிணிக்குச் சந்தேகம். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாசையன் வாங்கிப் பார்க்கக் கை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி முற்றத்தில் இறங்கி, கேட்டைத் திறந்து, ரோட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன மீன்காரனை நிறுத்தி, மூடியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.